சுடாத துவக்கு

கணினி விளையாட்டொன்றை விமர்சனத்துக்கு எடுப்பதைக் கண்டு நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கவிதைத் தொகுதிகளும் நாவல்களும் பேசப்படாமல் கிடக்க இதற்கு ஏன் பக்கம் என்று கேட்கலாம். நான் படிப்பிக்கும் கிராமத்துப் பிள்ளைகள் நாவல் வாசிப்பதில்லை, விளையாடுகிறார்கள். அவர்கள் இரவிரவாகப் புழங்கும் புனைவை நாம் ஒருதடவையாவது ஒழுங்காக வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் எடுத்துக்கொண்டது ‘ரெசிடன்ட் ஈவில் 4’. ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 1996இல் தொடங்கிய தொடரில் வந்தது. ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் 2005 ஜனவரியில் வெளியாகி, 2023 மார்ச்சில் புதிதாகவும் செய்யப்பட்டது. நான் பேசப்போவது பழையதைப் பற்றி. வவுனியாவில் என் தாத்தாவின் மகன் அதைத்தான் கணினியில் வைத்திருந்தான். பாடசாலை விடுமுறையில் அங்கு தங்கியபோது அவன் விளையாட, பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு நானும் விளையாடினேன்.

கதை சிறியது. அமெரிக்க ஜனாதிபதியின் மகள் கடத்தப்படுகிறாள். அவளை மீட்க லியோன் கென்னடி என்ற அரச முகவர், ஸ்பானிய மொழி பேசும் ஓர் ஐரோப்பியக் கிராமத்துக்கு வருகிறான். ஊரவர்களின் உடலுக்குள் ஒட்டுண்ணியொன்று புகுத்தப்பட்டிருக்கிறது. அவர்கள் கூட்டமாக வந்து அவனைக் கொல்லப் பார்க்கிறார்கள், அவன் சுடுகிறான். இவ்வளவுதான்.

இவ்வகை விளையாட்டுகளில் அச்சம் பூதங்களால் மட்டும் உண்டாவதில்லை. ரவை தீர்ந்துபோவதால் உண்டாகிறது. லியோனிடம் ஒரு பெட்டி இருக்கிறது. கணக்குக் கொப்பியைப் போலச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்ட பெட்டி. துவக்குக்கு இத்தனை சதுரம், ரவைக்கு இத்தனை, காயத்துக்குத் தின்னும் பச்சை மூலிகைக்கு இத்தனை என்று அடுக்கவேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்ற கணக்கு ஒவ்வொரு நிமிடமும் நடக்கிறது. இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எங்கள் பெட்டிகளில் துவக்கு இருக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

துவக்குகளைச் செய்திருக்கும் விதத்தில் இவ்விளையாட்டின் கலை உச்சம் தொடுகிறது. ‘ரெட் 9’ என்று ஒரு கைத்துப்பாக்கி வருகிறது. அது கற்பனையல்ல. ஜெர்மனியில் 1896இல் உருவான மவுசர் சி96. பிடி தும்புத்தடிக் காம்புபோல உருண்டிருக்கும். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1916இல், ஜெர்மன் இராணுவம் இதனை 9 மில்லிமீற்றர் ரவைக்கு ஏற்ப வாங்கியது. பழைய 7.63 ரவையை இதற்குள் மாறிப் போட்டுவிடக்கூடாது என்பதற்காகப் பிடியில் 9 என்று செதுக்கிச் சிவப்புப் பூசினார்கள். அந்தச் சிவப்பு ஒன்பதுதான் விளையாட்டில் பெயராகியிருக்கிறது. உண்மையான மவுசரின் மர உறையைப் பின்புறம் மாட்டினால் அது தோளில் அணைக்கும் கட்டையாகிவிடும். விளையாட்டிலும் கட்டையொன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பொருத்தினால் குறி நடுங்குவது குறைகிறது. இதே லியோன் 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில் வைத்திருப்பது ஜெர்மன் ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனத்தின் விபி70. அதற்கும் கட்டை மாட்டியபின்தான் ஒரு அழுத்தலுக்கு மூன்று ரவை பாயும். நிஜத் துவக்கிலும் அப்படித்தான். இத்தனை நுணுக்கத்தோடு செய்தவர்கள் ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள். அசல் மவுசர் பத்து ரவை கொள்ளும். விளையாட்டில் காசு கொடுக்கக் கொடுக்க, உருவம் மாறாமலே அதன் வயிறு பெருத்து இருபதைத் தாண்டுகிறது.

இந்த நுணுக்கத்துக்கு ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். ஒட்டுண்ணி, பூதம், தலை வெடித்து வெளிவரும் கொடுக்கு எல்லாம் நம்பமுடியாத சமாசாரங்கள். அவற்றை நம்பவைப்பதற்குக் கையில் இருக்கும் ஒரு பொருளாவது மெய்யாக இருக்கவேண்டும். உம்மாமார் ஜின் கதை சொல்லும்போது கிணறும் புளியமரமும் எங்கள் ஊருடையதாகவே இருக்குமல்லவா? அந்த வேலையை இங்கே துவக்கு செய்கிறது.

ஜப்பானில் பொதுமக்கள் கையில் துவக்கு மிக அபூர்வம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வேட்டைத் துவக்குக்கே பரீட்சையும் பரிசோதனையும் உண்டு. ஆனால் அசலைப் போலவே தோற்றமுள்ள விளையாட்டுத் துப்பாக்கிகளைச் செய்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இத்தொடருக்காகக் கற்பனை செய்யப்பட்ட, பெரெட்டா 92இன் திருத்திய வடிவமான ‘சாமுராய் எட்ஜ்’ஜை டோக்கியோ மருயி என்ற நிறுவனம் கையில் பிடிக்கக்கூடிய விளையாட்டுத் துப்பாக்கியாகவே செய்து விற்றது. தெருவில் துவக்கைக் காணாத நாட்டில்தான் அதன் ஒவ்வொரு திருகாணியையும் இவ்வளவு ஆசையோடு பார்க்க முடிகிறது. வன்னியில் யாரிடமாவது துவக்கை வரைந்து காட்டச் சொல்லுங்கள். நேரே பார்த்த கண் இல்லை, தலையைக் குனிந்துகொண்டுதான் அநேகமானோர் பார்த்தார்கள். குழலின் வாய் தெரியும், சப்பாத்துத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல்.

எங்களுக்குத் தெரிந்தவை சொற்கள். துப்பாக்கியும் துவக்கும் துருக்கிய மொழி வழி வந்தவை என்பர் அகராதிக்காரர். ரவை, சன்னம், ரவைக்கூடு எல்லாம் எங்கள் அன்றாடப் பேச்சில் கலந்தவை. சத்தங்களும் தெரியும். என்னோடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் 2009 மே வரை வன்னிக்குள் இருந்தவர். ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் விழப்போகும் சத்தத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆறு வயதுப் பிள்ளையும் அறிந்திருந்ததாக அவர் சொன்னார். அதை அறிந்தால் பங்கருக்குள் பாயலாம், அவ்வளவே. அந்தப் பிள்ளையின் கையில் அழுத்துவதற்கு எந்தப் பொத்தானும் இல்லை.

இனி வியாபாரி. முகத்தை மூடிய ஒருவன் காட்டிலும் கோட்டையிலும் சுரங்கத்திலும் லியோனுக்கு முன்பே வந்து நிற்கிறான். மேலங்கியைத் திறந்தால் உள்ளே வரிசையாகத் துவக்குகள். அவன் துவக்கு விற்பான், துவக்கைத் திருத்தித் தருவான், ரவை மட்டும் விற்கமாட்டான். விளையாடுபவர்கள் எல்லோரும் நேசிக்கும் பாத்திரம் இவன். எனக்கு இவன்மீது ஐயம். சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் யாருக்கு விற்கிறான் என்ற கேள்வியைப் பிரதி எங்கும் எழுப்புவதில்லை. இலங்கையில் மிகவும் அறியப்பட்ட துவக்கான ரி-56 சீனாவில் செய்யப்பட்டது, சோவியத் கலாஷ்னிகோவின் பிரதி, கூட்டில் முப்பது ரவை. இராணுவம் அதைத்தான் பிரதான துவக்காக வைத்திருந்தது. எதிர்த்தரப்பும் அதையே தோளில் போட்டிருந்தது. முன்னால் நின்றவனுக்கு இரண்டும் ஒரே துவக்குத்தான். இவ்விளையாட்டின் கிராமப் பகுதியில் துவக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. ஊரவர்களிடம் இருப்பவை கோடாரி, அரிவாள், வைக்கோல் கிளறும் கவர்க்கோல். கமக்காரர்களின் சாமான்கள். அவர்களுக்கு இடப்பட்ட பெயர் ‘கனாடோ’. ஸ்பானிய மொழியில் அதற்கு ஆடுமாடு, கால்நடை என்று பொருள்.

அந்த முதல் வீட்டுக் காட்சியை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். லியோன் கதவைத் திறந்து உள்ளே போகிறான். அடுப்படியில் ஒரு வயதான மனிதர். பெண்ணின் படத்தைக் காட்டி, இவளைக் கண்டீரா என்று ஆங்கிலத்தில் கேட்கிறான். அவர் தன்னுடைய மொழியில் சினந்து ஏதோ சொல்கிறார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இவன் திரும்ப, அவர் கோடாரியை ஓங்குகிறார். விலகி உருண்டு, துவக்கை நீட்டி, “அசையாதே!” என்கிறான். இன்னொருமுறையும் சொல்கிறான். அதுவும் ஆங்கிலத்தில்தான். அவர் வருகிறார். சுடுகிறோம். உடலைக் கிட்டப்போய்ப் பார்த்தால், இவன் நடைப்பிணம் அல்லவே என்ற பொருளில் லியோன் ஒரு வார்த்தை சொல்கிறான். அதன் பிறகு அந்த ஐயத்துக்குக் கதையில் வேலை இல்லை.

தெரியாத மொழியில் வீட்டுக்குள் வரும் கேள்வி, கையில் ஒரு படம், நீட்டிய துவக்கு. எங்கள் பக்கத்தில் சுற்றிவளைப்பைக் கண்டவர்கள் இக்காட்சியில் லியோனின் தோளுக்குப் பின்னால் நிற்கமாட்டார்கள். ஆனால் விளையாட்டு நம்மை அந்தத் தோளுக்குப் பின்னால்தான் நிறுத்துகிறது. ஒளிப்படக் கருவியைத் தோளின்மேல் கொண்டுவந்த அந்த உத்தி பின்னர் எத்தனையோ விளையாட்டுகளுக்கு முன்மாதிரியானது. உத்தி என்ற வகையில் அதன் பெருமையை நான் மறுக்கவில்லை.

என்னுடைய முறைப்பாடு வேறு. “அசையாதே” என்ற அந்தக் கணத்துக்குப் பிறகு, இவ்விளையாட்டில் சுடப்படாத துவக்குக்குப் பெறுமதி இல்லை. நீட்டினால் கூட்டம் நிற்காது, கலையாது, ஊரைவிட்டு ஓடாது. சுட்டால்தான் ஏதாவது நடக்கும். துவக்கின் தோற்றம், ஓசை, கட்டை, ரவையளவு எல்லாவற்றையும் பிடித்தவர்கள் அதன் பிரதானமான வேலையைத் தவறவிட்டார்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனவர்களின் தோளில் துவக்குத் தொங்கியது. ஒருவரும் அதைக் கழற்றவில்லை. ஒரு ரவையும் செலவாகவில்லை. வாப்பா வீட்டுத் திறப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மறுநாள் ஊரில் ஆட்களில்லை. புத்தளத்து முகாமில் வளர்ந்து, ஆசிரியர் கலாசாலை முடித்து, போருக்குப் பின் திரும்பி வந்து இங்கே படிப்பிக்கிறேன். அந்தத் துவக்கின் வேலை இன்னும் முடிந்ததாகத் தெரியவில்லை, திரும்பாத வீடுகளின் அத்திவாரங்களைப் பார்க்கும்போது. ஓர் ஊரை வெறுமையாக்கும் துவக்கின் ஆற்றலை எந்தத் திகில் விளையாட்டாவது காட்டினால் நான் முதல் ஆளாக விளையாடுவேன்.

இன்னுமொன்று, பொறிகள். கிராமத்து வழிகளில் கம்பி கட்டி வெடிவைத்திருக்கிறார்கள். கரடிப்பொறிகளும் உண்டு. கால் மாட்டினால் பொத்தானை மளமளவென்று அழுத்தி விடுபட்டு நடக்கலாம். மூலிகை தின்றால் சுகம். வன்னிக் காடுகளில் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு இருக்கிறதே, அதை அறிந்தவர்களுக்கு இது சிரிப்பூட்டும். இரும்புக் குழாயில் வெடிமருந்தும் சன்னங்களும் இடித்து, மிருகங்கள் போகும் பாதைக்குக் குறுக்கே நூலைக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். சட்டவிரோதமானது, ஆனாலும் நிற்கவில்லை. வில்லை அழுத்தும் விரலே இல்லாத துவக்கு அது. விறகுக்குப் போனவரையும் தேனெடுக்கப் போனவரையும் முழங்காலுக்குக் கீழே அடிக்கும். காலை இழந்தவருக்குப் பச்சை மூலிகை இல்லை, யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் பொருத்துவார்கள். விளையாட்டுக்காரர்களிடம் ஒரு நல்ல காரியமும் இருக்கிறது. தொடக்கத்திலேயே பொறியில் மாட்டிய நாயொன்று வருகிறது. விடுவித்துவிட்டால் பிற்பாடு பெரிய அரக்கனோடு பொருதும்போது அது வந்து உதவும். அந்த நாயில் இருக்கும் ஈரம் ஊரவர்மீது இல்லை.

துவக்கில்லாமல் திகில் செய்யமுடியாதா என்றால் முடியும். ஜப்பானிலேயே 2001இல் டெக்மோ நிறுவனம் ‘பேட்டல் பிரேம்’ என்றொரு விளையாட்டைச் செய்தது. ஆவிகளை எதிர்கொள்ளப் பெண்ணொருத்தியின் கையில் இருப்பது பழைய ஒளிப்படக் கருவி மட்டும். ஆவி கிட்ட வரும்வரை பொறுத்து, அதன் முகத்தை நேரே பார்த்துப் படமெடுக்கவேண்டும். முகத்தைப் பார்க்கவைக்கும் அந்த ஒரு விதியால் அது இதைவிட மேலான ஆக்கம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் விளையாடுவது இவை எதுவுமல்ல. கைத்தொலைபேசியில் ‘ஃப்ரீ பயர்’. அதில் ஏகே, எம்பி40 எல்லாம் பூப்போட்ட நிறங்களில் வருகின்றன. “சேர், ஏகேயும் ரி-56உம் ஒண்டா?” என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன். “அப்ப எங்கட ஊரில இருந்ததா?” என்றான். போர் முடிந்த பிறகு பிறந்தவன். வீட்டில் அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த விளையாட்டுகளைத் தடைசெய்யவேண்டும் என்று நம்மில் ஒரு சாரார் மிம்பரிலும் மேடையிலும் பேசிவருகிறார்கள். தடைசெய்தால் அந்தப் பையனின் கேள்வியும் கூடவே போய்விடும். துவக்கின் பெயரை அவன் விளையாட்டில் கற்றுக்கொண்டான். அதன் முன்னால் நின்றவர்களின் கதையை எழுதவேண்டியவர்கள் நாங்கள். எழுதினோமா என்பதை இச்சஞ்சிகையின் பழைய இதழ்களைப் புரட்டித்தான் பார்க்கவேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். துவக்கு தன்பக்கம் திரும்பினால் மனிதர் என்ன செய்வார் என்பது இவ்விளையாட்டைச் செய்தவர்களுக்குத் தெரியாததல்ல. கடத்தப்பட்ட பெண்ணை மீட்டபின் அவள் லியோனுக்குப் பின்னால் வருகிறாள். குறிபார்க்கும்போது குழல் தற்செயலாக அவள்பக்கம் போனால், உடனே தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுகிறாள். அந்த அசைவு அச்சொட்டாக இருக்கிறது. எத்தனையோ முறை கண்ட அசைவு. மருமகனுக்கு அதைக் காட்டினேன். “ஓம் மாமா, அவக்கு மட்டுந்தான் அப்பிடி வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தான்.