பேசாப் படமும் உடனிசையும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

தமிழில் 'ஊமைப்படம்' என வழங்குவதை ஜப்பானியர் 'முசெய் எய்கா' என்பர். 'குரலற்ற படம்' என்பது அதன் நேர்ப்பொருள். ஊமை என்பது குறையைச் சுட்டுகிறது. குரலின்மை நிலையைச் சுட்டுகிறது. எனினும் இரு சொற்களுமே வழக்கத்தில் இருந்ததை மறைக்கின்றன. ஜப்பானில் இப்படங்கள் குரலோடுதான் காட்டப்பட்டன. 'பென்ஷி' எனப்பட்ட கதைசொல்லி திரையருகே இருந்து பாத்திரங்களின் உரையாடலையும் நிகழ்ச்சி விளக்கத்தையும் தாமே வழங்கினார். அவருக்குத் துணையாக, ஷாமிசென் என்னும் மூன்று நரம்புக் கருவியும் மேலைநாட்டுக் கருவிகளும் ஒரே குழுவில் ஒலித்ததுண்டு. பேசும் படம் வந்த பின்னரும் 1930களின் நடுப்பகுதிவரை அங்குப் பேசாப் படங்கள் எடுக்கப்பட்டமைக்குப் பென்ஷிகளின் செல்வாக்கும் ஒரு காரணமாகும்.

இன்று இப்படங்களுக்கு அரங்கிலேயே சோதனை இசை படைப்போர் பலர் பென்ஷியை விடுத்து இயங்குகின்றனர். மொழி நீங்கிய இடத்தில் இசை அமர்கிறது. இசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டா என்போர் இவ்விடத்தைச் சற்று உற்றுநோக்க வேண்டும்.

கினுகாசா தெய்னொசுகே 1926இல் இயக்கிய 'குருத்த இப்பேஜி' (பித்தின் ஒரு பக்கம்) இதற்குத் தக்க சான்று. கவாபாத்தா யசுநாரி இதன் கதையாக்கத்தில் பங்குகொண்டவர். மனநோய் மருத்துவமனையில் அடைபட்ட மனைவியின் அருகிலிருக்க அங்கேயே ஊழியனாகச் சேரும் முதியவரின் கதை இது. நெடுங்காலம் மறைந்திருந்த இப்படத்தை 1971இல் இயக்குநரே தம் வீட்டில் கண்டெடுத்தார். பின்னர் இசை சேர்த்து வெளியிட்டார். உலோகப் பொருள்களைத் தாளக் கருவிகளாக்கிய அமெரிக்க மூவர் குழுவான அலாய் ஆர்க்கெஸ்ட்ராவும் இதற்கு இசையமைத்தது.

படத்தில் எழுத்துத் தலைப்புகள் இல்லை. ஆகவே இது மொழியைக் கடந்தது என்னும் கூற்று திறனாய்வில் வேரூன்றியுள்ளது. 1926இல் இப்படமும் பென்ஷியின் உரையோடே காட்டப்பட்டது என்பதை அக்கூற்று மறந்துவிடுகிறது. மூலத்தின் ஒரு கூற்றை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தூய மூலம் எனல் பொருந்துமா?

தொடக்கக் காட்சியில் மழையும் மின்னலும் வீச, ஒரு பெண் ஆடுகிறாள். பின்னரே அவள் அறையில் அடைபட்டிருப்பது தெரிகிறது. இடையிடையே முரசும் ஊதுகருவிகளும் திரையில் தோன்றுகின்றன. அவை அவள் உள்ளத்தில் மட்டும் ஒலிப்பவை. அரங்கிலுள்ள கலைஞர் அம்முரசை முழக்கினால் நாம் அவளோடு சேர்கிறோம். முழக்காவிடின் கதவுக்கு வெளியே காவலரோடு நிற்கிறோம். யாருடைய கூற்றாகப் பெயர்ப்பது என்னும் இத்தெரிவு, கூறுவோர் யாரெனத் தெளிவுறாத வாக்கியத்தைப் பெயர்ப்பவர் நன்கறிந்ததே. பித்து என்றவுடன் இரைச்சலைக் கொட்டும் இசை இத்தெரிவைத் தவிர்த்துவிடுகிறது. அது காவலர் பக்கத்து விளக்கமே என்பது என் கருத்து.

இறுதியை ஒட்டி முதியவர் நோயாளிகளுக்கு நோ நாடக முகமூடிகளை அணிவிப்பதாகக் கற்பனை செய்கிறார். இங்கு நோ குழலையும் மத்தளத்தையும் புகுத்துவது எளிது. ஆயின் அது கண் முன்னரே கண்டதைக் காதுக்கு மீண்டும் கூறுவதாகும். வட்டாரச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் பொருளையும் எழுதிவிடும் பெயர்ப்பாளரின் பிழை அது.

ஒன்றில் மட்டும் இக்கலைஞர் நம்மினும் பேறுடையவர். அச்சேறிய பெயர்ப்பை நாம் திரும்பப் பெற இயலாது. இன்று முழங்கிய முரசை அவர் அடுத்த காட்சியில் முழக்காமல் விடலாம்.