மூலை வெட்டிய கட்டம்: ஒரு தொடை நிறுவலை எப்படி ரசிப்பது?

பசறை தாண்டி மடுல்சீமைக்கு ஏறும் பாதையோரத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செக்றோல் என்ற வரவுப் பதிவேடு தெரியும். இடப்பக்கம் ஆட்கள், மேலே திகதிகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் ஒருவருக்கு முழுப் பேரா (முழு நாள் வேலை), அரைப் பேரா என்பது விழும். கணிதத்தில் இதுவே தெக்காட்டின் பெருக்கம். ஆட்களின் தொடை ஆ, திகதிகளின் தொடை தி என்றால், (ஆள், திகதி) என்ற எல்லா வரிசைப்பட்ட சோடிகளும் சேர்ந்தது ஆ × தி.

இத்தொடைகளின் நிறுவல்களைப் பிள்ளைகள் பாடமாக்கிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அவற்றை ஒரு சோடியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசிக்க வேண்டும்.

முதல் எடுத்துக்காட்டு: தி-யில் உள்ள ஞாயிறுகளின் தொடை ஞா என்றால், ஆ × (தி − ஞா) = (ஆ × தி) − (ஆ × ஞா). வலப்பக்கத்திலிருந்து ஒரு சோடியை எடுங்கள். அது ஆ × தி-யில் உண்டு, ஆ × ஞா-வில் இல்லை. இந்த ‘இல்லை’யில் நின்று பாருங்கள். ஆ × ஞா-வில் இருக்க, ஆள் ஆ-விலும் திகதி ஞா-விலும் இருக்க வேண்டும்; ஆகவே ஆள் ஆ-வில் இல்லை, அல்லது திகதி ஞாயிறு இல்லை என்பதே அதன் பொருள். ‘உம்’மை மறுத்தால் ‘அல்லது’ பிறக்கும் என்ற இந்த விதிக்குப் பெயர் கொடுத்த டி மோர்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். ஆள் ஆ-வில் இருப்பது நமக்கு முன்பே தெரியும். ஆகவே முதல் வழி அடைபட்டு, திகதி ஞாயிறு இல்லை என்பது மட்டும் மிஞ்சுகிறது. நிறுவலின் சுவை முழுவதும் இந்த ஓர் அடியில்தான். மறுதிசை எளிது, நீங்களே நடந்து பாருங்கள்.

அடுத்தது இன்னும் அழகு. 20 ஆட்கள், 30 நாட்கள்: 600 கட்டங்கள். அவர்களில் 5 பேர் (க) ஒரே 6 நாட்கள் (வா) கவ்வாத்துக்குப் போகிறார்கள். அந்த 30 கட்டங்களை நீக்கினால் மிச்சம் 570. இதை (ஆ − க) × (தி − வா) என்று எழுதவே கை போகும். ஆனால் அது 15 × 24, வெறும் 360. கவ்வாத்துக்குப் போனவர்களின் மற்ற நாட்களும், கொழுந்து பறிக்க நின்றவர்களின் அந்த 6 நாட்களும் தொலைந்துவிட்டன. 210 நாள் உழைப்பு!

உண்மையில் மிஞ்சுவது மூலை வெட்டிய கட்டம்: ((ஆ − க) × தி) ∪ (ஆ × (தி − வா)). இங்கும் அதே ‘அல்லது’தான் ஒன்றிப்பாக நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் 450உம் 480உம் சேர்ந்து 930 வருகிறதே என்று பதற வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று மூடும் இடம் 360 கட்டங்கள், கழித்தால் 570. நாம் தவறென்று தள்ளிய விடைதான் அந்த இடைவெட்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

மூடாமல் பிரிக்கவும் வழியுண்டு: ((ஆ − க) × தி) ∪ (க × (தி − வா)), அதாவது 450 + 120. இது ஏன் சரி என்பதை நிறுவ, க-வில் உள்ள ஓர் ஆளை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.