துணி துவைத்தவள் எந்தக் குழுவில்?

1998இல் வெளியான ஓர் ஆய்விலுள்ள குழந்தைப் படங்களை வகுப்பில் காட்டுவதுண்டு. மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில், பூச்சிமருந்து கொட்டிய சமவெளிக் குழந்தைகளையும் அது அதிகம் எட்டாத மலையடிவாரக் குழந்தைகளையும் மானுடவியலாளர் எலிசபெத் கில்லெட் ஒப்பிட்டார். நான்கைந்து வயது. ஓர் ஆளை வரையச் சொன்னார். அடிவாரத்தார் தலை, கை, கால் வரைந்தார்கள். சமவெளிக் குழந்தைகள் பலரிடமிருந்து வந்தவை வெறும் கிறுக்கல்கள். இதே வழியில் கிரீன்பீஸ் இந்தியா ஆறு மாநிலப் பருத்தி வட்டாரங்களில் குழந்தைகளைச் சோதித்தது; நம் தேனியும் அதில் உண்டு.

ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை முடக்குகின்றன. இரத்தத்தில் அந்த நொதி சில வாரங்களில், மாதங்களில் மீண்டுவிடும். பிறகு தடயத்தை நினைவிலும் விரலிலும்தான் தேட வேண்டும். ஆகவே இச்சோதனைகள் வேண்டாம் என்பதல்ல என் வாதம்.

ஆனால் அவற்றை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் நாயகன் யாரென்று தெரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 1980களில் தொகுத்த சோதனைகளில், எண்ணுக்கு நேராகக் குறியீடு எழுதுவதும் கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வதும் உண்டு. பேனா பிடித்தறியாத நடவுக்காரி அதில் பின்தங்கினால், காரணம் மருந்தா, அவளுக்கு மறுக்கப்பட்ட பள்ளியா? பதினைந்து புள்ளிக் கோலத்தைத் தப்பாமல் போடுகிறவளின் நினைவை அளக்க அங்கே கட்டமே இல்லை.

அதைவிடப் பெரிய கோளாறு முதல் கேள்வியில் இருக்கிறது: 'மருந்து அடிப்பவரா?' டெல்டாவில் தெளிப்பான் ஆண் முதுகில். அவள் 'இல்லீங்க' என்பாள். மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்தவள், அடித்த வயலில் மறுநாள் களை பறித்தவள், அவன் சட்டையைத் துவைத்தவள், மருந்து படாதவர்களின் ஒப்பீட்டுக் குழுவில் போய் உட்காருவாள்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்காகத் திருவையாற்றுப் பக்கம் நடவுப்பாட்டு சேகரித்தபோது, ஐம்பது வயது அக்கா ஒருவர் பாதியில் நின்றுவிடுவார். "நாக்கு நுனியில இருக்கு தாயி, வரமாட்டேங்குது" என்பார். கையும் லேசாக நடுங்கும். மருந்துதான் காரணம் என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் 'வயது முதிர்வால் மறதி' என்று அடிக்குறிப்பு எழுதினேனே, அதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? நெறியாளரும் கேட்கவில்லை, தேர்வாளர்களும் கேட்கவில்லை. ஐம்பது வயது முதிர்வா?

இந்த ஆண்டு களப்பணிக்குப் போகும் மாணவிகளின் வினாநிரலில் 'மருந்து அடிப்பவரா' என்பதை அடித்துவிட்டு, 'மருந்தடித்த துணியை வீட்டில் யார் துவைக்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.