வெற்றுப் பக்கத்தின் அழகு

காஞ்சிபுரம் பட்டைத் தெரிந்தவர்கள் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது, உடலும் கரையும் சேரும் கோர்வையை. மூன்று நாடா ஓட்டி, ஒரு நிறம் இன்னொன்றின் எல்லைக்குள் வழியாமல் நெய்திருக்கும் அந்த இடத்தில்தான் தறிக்காரரின் கைத்திறன் தெரியும். எல்லையைப் பார்த்து வேலையை மதிப்பிடும் அதே கண்ணோடு ரசிக்க வேண்டிய வேலை ஒன்று கணினிக்குள்ளும் இருக்கிறது: த்ரெட்டுகளின் ஸ்டாக்கைக் காக்கும் காவல் பக்கம்.

ஒரு புரோகிராமில் பல த்ரெட்டுகள், அதாவது இணையான வேலை இழைகள், ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன் அழைப்புகளின் தரவை வைக்கத் தனி ஸ்டாக் உண்டு. லினக்ஸில் வழக்கமாக 8 மெகாபைட். ஆனால் எல்லாம் ஒரே முகவரி வெளியில்தான் இருக்கின்றன. ஒரு ஃபங்ஷன் தன்னையே ஓயாமல் அழைத்துக்கொண்டு போனால், ஸ்டாக் கீழ்நோக்கி வளர்ந்து வேறொரு த்ரெட்டின் தரவை அழித்து எழுதிவிடும். தவறு செய்தது ஒரு த்ரெட். விழுவது இன்னொன்று, அதுவும் எப்போதோ. ஒவ்வொரு அழைப்பிலும் மிச்ச இடத்தை அளந்து பார்க்கலாம்தான். கோடிக்கணக்கான அழைப்புகளில் அது வீண் சுமை. காவல் பக்கம் இதை எளிதாக முடிக்கிறது. ஸ்டாக்கின் அடியில் 4 கிலோபைட் பக்கம் ஒன்று, படிக்கவும் எழுதவும் அனுமதி இல்லாமல், சும்மா விடப்படுகிறது. அதைத் தொட்ட கணமே பிராசஸர் தடுத்து கெர்னலிடம் சொல்லிவிடும்; கெர்னல் வழக்கமாகப் புரோகிராமை நிறுத்திவிடும். அந்தப் பக்கத்துக்கென்று ராம் ஒதுக்கப்படுவதே இல்லை. ஒழுங்காக ஓடும் த்ரெட் அதற்காக ஒரு கட்டளைகூடக் கூடுதலாக இயக்குவதில்லை. எதையும் செய்யாமலே காக்கிற இந்தச் சிக்கனம்தான் என்னை வியக்க வைக்கிறது.

புரோகிராமையே கொல்வது காவலா என்று கேட்பார்கள். கணக்கு சத்தமில்லாமல் கெட்டுப்போவதைவிட அங்கேயே நிற்பது மேல். எங்கே தவறு என்றாவது தெரியும். கொல்லத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இயந்திரம் மஞ்சள், சிவப்பு என அடுத்தடுத்துக் காவல் வலயங்களை வைக்கிறது. மஞ்சளைத் தொட்டால் அந்த வலயத்தைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, பிழையைச் சொல்லி, த்ரெட் மீள வழி கொடுக்கிறது. சிவப்பைத் தொட்டால்தான் முடிவு. எச்சரிக்கையைக் கையாளவும் கொஞ்சம் ஸ்டாக் வேண்டுமே என்று யோசித்தவரின் நுட்பம் அது.

இதைவிடக் கனமான ஆட்சேபம், ஒரே பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்பது. பெரிய உள்ளூர் வரிசை ஒன்றை அறிவித்தால் ஸ்டாக் காவலைத் தொடாமலே அப்பால் குதித்துவிடும். 2017-இல் குவாலிஸ் நிறுவனத்தார் ‘ஸ்டாக் கிளாஷ்’ என்ற பெயரில் இதைச் செய்தே காட்டினார்கள். லினக்ஸ் முதன்மை ஸ்டாக்கின் இடைவெளியை ஒரு பக்கத்திலிருந்து 1 மெகாபைட்டாக விரித்தது. ஆனால் அகலத்தைக் கூட்டினால் தாண்டும் தூரமும் கூடும், அவ்வளவுதான். சரியான விடை கம்பைலரிடம் இருந்தது: பெரிய இடம் எடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே இறங்குவது. 2018-இல் வந்த ஜிசிசி 8 அதைச் செய்யக் கற்றது. அதற்குப் பிறகு காவல் ஒரு பக்கமாக இருந்தாலும் போதும். சி மொழியில் த்ரெட் எழுதுகிறவர்கள் அந்த வசதி இயங்குகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.