பவளத்தை யாரும் தேடவில்லை

இந்த வாரம் ஒரு பழைய படத்துக்கு விமர்சனம். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'. இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் வன்னியம்பட்டியில் இருக்கிறது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்த ஊர் தெரியும். மேற்கே மலை, சுற்றிலும் வெயில். கடல் பார்க்க வேண்டுமென்றால் ரோடு வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். அந்த ஊரில் என் மச்சினன் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருந்தது. இரண்டரை அடி நீளம், 120 லிட்டர்.

மச்சினன் மகள் ஏழாம் வகுப்பு. நீமோ படத்தை மனப்பாடமாகப் பார்த்தவள். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா மசிந்துவிட்டார்.

இங்கேதான் எனக்கும் படத்துக்கும் தகராறு ஆரம்பிக்கிறது.

படத்தில் ஒரு பல் டாக்டர், பவளத்திட்டில் நீமோவைப் பிடித்து சிட்னியில் தன் கிளினிக் தொட்டியில் போடுகிறார். தப்பிப்பதற்காக மீன்கள் ஒரு கூழாங்கல்லை வைத்து ஃபில்டரை நிறுத்துகின்றன. தொட்டி பச்சையாகிறது, பாசி படிகிறது, மீன்கள் மட்டும் தெம்பாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கின்றன. வாஸ்தவத்தில் ஃபில்டர் நின்றால் மீன் திட்டம் போடாது. செத்துப்போகும்.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். கடல்நீர்த் தொட்டி என்பது தினமும் டேலி ஆக வேண்டிய கணக்கு. மீன் கழிப்பதும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது கொஞ்சம் சாது. இந்த இரண்டு வகை குமாஸ்தாக்களும் கல்லிலும் மணலிலும் சீட் பிடித்து உட்கார நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே விடக்கூடாது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தக் குழந்தை பார்க்கும்?

அடுத்தது உப்பு. லிட்டருக்கு 35 கிராம், அதாவது இந்தத் தொட்டிக்கு நாலு கிலோவுக்கு மேல். சமையல் உப்பு உதவாது, இதற்கென்றே தயாரித்த உப்பு வேண்டும். போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றணும். வன்னியம்பட்டி வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மச்சினன் பத்து நாள் உப்புத் தண்ணீரையே ஊற்றினார். "கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே அத்தான்?" என்றார். லாஜிக் சரிதான். ஆனால் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போனது.

அதையும் சமாளித்தார்கள். இரண்டு மீன் வந்தது. பெரியதற்கு 'அப்பா' என்றும் சின்னதற்கு 'நீமோ' என்றும் அவள் பெயர் வைத்தாள்.

ஏப்ரலில் தொட்டி 32 டிகிரியைத் தொட்டது. 25, 26-ல் இருக்க வேண்டிய தண்ணீர். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஒரு ராத்திரி கோடை மழைக் காற்றில் மரம் விழுந்து விடிய விடிய கரண்ட் இல்லை. பம்ப் நின்றது. காலையில் பெரிய மீன் மிதந்தது.

துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். "மாமா, அப்பா செத்துப் போச்சு" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது அப்பா இல்லம்மா, அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். கூட்டத்தில் இருப்பதிலேயே பெரியது பெண்ணாகும், அடுத்தது அதன் ஜோடி. அந்தப் பெண் செத்தால் ஜோடி ஆண் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறிவிடும். அப்படிப் பார்த்தால் நீமோவின் அப்பா மார்லின், மனைவி போன கொஞ்ச காலத்தில் அம்மாவாகியிருக்க வேண்டும். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ படம் பொய்யா?" என்றாள்.

இதற்காக நான் படத்தைத் திட்டமாட்டேன். பேசும் மீனை ஒப்புக்கொண்டு டிக்கெட் வாங்கியவர்கள் நாம். ஓர் அப்பாவின் பயத்தை இவ்வளவு அழகாகச் சொன்ன படம் குறைவு. ஆஸ்கர் கொடுத்தார்கள், தகும். இந்த மாதிரிப் படங்களால் மீன் வியாபாரம் எகிறி கடல் காலியாகிறது என்று எழுதுவதும் ஃபேஷன். இதன் அடுத்த பாகமான 'ஃபைண்டிங் டோரி' பற்றி ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த மீனை இணையத்தில் தேடியவர்கள் கூடினார்களே தவிர அமெரிக்காவில் இறக்குமதி கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே அந்தப் பழியும் வேண்டாம்.

என் புகார் வேறு. படத்தில் நீமோவின் அம்மா பெயர் என்ன தெரியுமா? கோரல். தமிழில் பவளம். முதல் ஐந்து நிமிஷத்தில் செத்துப்போகிறாள். அதற்கப்புறம் மகனைத் தேடி ஒரு சமுத்திரத்தையே கலக்குகிறார்கள். பவளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் மட்டுமா, அவர்கள் குடியிருக்கும் பவளத்திட்டும் வெறும் கலர் பேக்டிராப்தான். ஆபத்து என்றால் அது வலை, சுறா, பல்லில் கம்பி போட்ட ஒரு குட்டிப் பெண். அந்தத் திட்டே ஓர் உயிர், அதுவும் சாகும் என்ற நினைப்பு படத்தில் எங்கும் இல்லை.

நம்ம மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2010-ல் அங்கே அது நடந்தது, 2016-ல் மறுபடியும். வன்னியம்பட்டித் தொட்டியில் ஏப்ரலில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. ஊற்றி ஆற்றத்தான் ஆள் இல்லை.

மச்சினன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ தொட்டிக்குள்ள ஒரு துண்டு பவளம் வச்சு வளர்த்தா புண்ணியம்தானே?" என்றார்.

புண்ணியம் இல்லை, கேஸ். 2001-லிருந்து கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் திரியும் புலிக்கு என்ன அந்தஸ்தோ, கடலுக்கடியில் இருக்கும் பவளத்துக்கும் அதேதான். ஒரு துண்டு உடைத்து வந்தாலும் குற்றம். வளர்க்கத் தெரிந்தவர்கள் கடலிலேயே வளர்க்கிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி கடலுக்குள் நட்டுவருகிறது. கோமாளி மீன் வேண்டுமா? அதைக் கடலில் பிடிக்க வேண்டியதே இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது "தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

படத்தின் கடைசிக் காட்சி மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளினிக் மீன்கள் தப்பித்துக் கடலில் வந்து விழுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வாய் கட்டிய பிளாஸ்டிக் பையோடு. சுற்றிலும் கடல், உள்ளே அதே பழைய தண்ணீர். வெளியே வரத் தெரியாமல் மிதக்கின்றன. வீட்டுத் தொட்டிக்கு இதைவிடச் சரியான விமர்சனம் கிடையாது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தோம்.

வன்னியம்பட்டியில் இப்போது ஒரே ஒரு மீன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 12 லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவது அந்தப் பெண்தான். உப்பை அவளே நிறுக்கிறாள். பவளம் கேட்பதை நிறுத்திவிட்டாள், மண்டபம் கூட்டிப்போகச் சொல்கிறாள்.

படத்தைக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். முடிந்ததும் தொட்டி கேட்டால், மறுக்கவும் வேண்டாம், மீன் கடைக்கு ஓடவும் வேண்டாம். தொட்டியில் தண்ணீரும் உப்பும் கல்லும் மட்டும் போட்டு ஆறு வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறாவது வாரமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால், மீன் வாங்கிக் கொடுங்கள்.