பாலாலயத்தில் ஒரு விளையாட்டு

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாலாலயம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். திருப்பணி தொடங்குமுன் தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ பலகையிலோ எழுந்தருளச் செய்து, சிறிய இடமொன்றில் வைத்துவிடுவார்கள். சவுக்குக் கம்புச் சாரம் ஏறும், பழைய காரை உதிரும், உளிச்சத்தம் கேட்டபடி இருக்கும். பூஜை மட்டும் நிற்காது. ரங்கநாதர் கோயிலில் 2015 செப்டம்பர் 9, நவம்பர் 18 என இரண்டு கட்டமாக நடந்த சம்ப்ரோக்ஷணத்துக்கு முன்னாலும் ஊர் சாரத்துக்கு அடியில் புகுந்து புகுந்துதான் நடந்தது. பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கட்டுமானங்களை அகற்றி, பழைய மழைநீர்ப் பாதைகளை மீட்ட அந்த வேலைக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் வீட்டைப் பிரித்துக் கட்டுவது ஒரு தனிக்கலை. அதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஜப்பானிய இணைய விளையாட்டின் கதை அந்நியமாகவே இராது.

2010 செப்டம்பர் 30 அன்று ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் அதைக் கணினிக்கு வெளியிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு வேடம் பூண்டு ஒரே உலகத்துக்குள் கூடி வாழும் வகை ஆட்டம் இது. ஒருவர் வாள்வீரர், ஒருவர் வைத்தியர், இன்னொருவர் மீன் பிடிக்க மட்டுமே வருகிறவர். பார்க்க அப்படியொரு அழகு. உள்ளே போனவர்கள்தான் தவித்துப் போனார்கள். பட்டியலைத் திறந்தால், அழுத்திய சேதி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே அடுத்த வரி தெரியும். காட்டுக்குள் நடந்தால், சற்றுமுன் கடந்த அதே பாறையும் அதே வளைவும் மறுபடி எதிரே வரும். வாரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் ஒரே தொழிலில் உழைத்தால் அனுபவப் புள்ளி குறையத் தொடங்கி, அடுத்த 7 மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் வற்றிவிடும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மேல் வரிசையில் கிடக்கும் பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்து விழுந்தவரும் தாயக்கட்டையைக் கையில் எடுத்து மறுபடி உருட்டுவார். பாம்புக்குப் பயந்து எழுந்து போனவர் யாருமில்லை. ஏணி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அது போதும். 2010-ன் ஆட்டத்தில் ஏணி இருந்த இடமே தெரியவில்லை.

2011 மார்ச்சில் வருவதாக இருந்த பிளேஸ்டேஷன் 3 கன்சோல் பதிப்பைத் தள்ளிவைத்தார்கள். 2010 டிசம்பரில் தயாரிப்பாளர் ஹிரோமிச்சி தனாகா விலகினார். நிறுவனத் தலைவர் யோய்ச்சி வாடா ஆட்டக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டார்; மாதக் கட்டணமும் நிறுத்திவைக்கப்பட்டது. பொறுப்பேற்க வந்தவர் நவோகி யோஷிடா. பழையதை ஒட்டுப்போடுவதா, புதிதாகக் கட்டுவதா என்ற கேள்விக்கு அவர் இரண்டையும் செய்வோம் என்றார். ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை மாதாமாதம் சீர் செய்வது. மறுபக்கம் யார் கண்ணுக்கும் படாமல் புது ஆட்டத்தை அடித்தளத்திலிருந்து எழுப்புவது. இரட்டிப்பு வேலை, இரட்டிப்புச் செலவு. பாலாலயத்தின் கணக்கும் அதுதானே!

பழைய ஆட்டம் எங்கே தடம் மாறியது என்று விளக்க, 2014-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் யோஷிடா ஒரு பூந்தொட்டியைச் சாட்சிக்கு அழைத்தார். கணினித் திரையில் தெரியும் எந்த உருவமும் சின்னஞ்சிறு முக்கோணங்களால் ஆனது. மூலையில் கிடக்கும் அந்தத் தொட்டிக்கு மட்டும் சுமார் 1000 முக்கோணங்கள், அதன்மேல் ஒளி விழுவதைக் கணக்கிட 150 வரி நிரல். ஆட்டக்காரர் பூண்டு திரியும் வேடத்துக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். தொட்டியை வனைந்தவர் மனம்வைத்துத்தான் வனைந்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொட்டிகளுக்கெல்லாம் இப்படி வாரிக் கொடுத்ததில் மனிதர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. திரையில் ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் தெரியவில்லை. விருப்பன் திருநாள் தேரன்று சித்திரை வீதியில் 20 பேர்தான் நிற்கலாம் என்றால் அது தேராகுமா? கூடி ஆடுவதற்கென்றே பிறந்த ஆட்டத்தில் கூட்டத்துக்கே தடை.

பிளேஸ்டேஷன் 3 துணைக்கு வந்தது இந்த இடத்தில்தான். அந்தப் பெட்டியின் நினைவகம் 256 மெகாபைட், படம் வரைவதற்கென்று இன்னொரு 256. அவ்வளவுதான். அதற்குள் நுழைய வேண்டுமென்றால் தொட்டி இளைத்தே ஆக வேண்டும். எது ஆட்டத்தின் உயிர், எது வெறும் ஒப்பனை என்று ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்துக் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது. அந்தச் சின்னப் பெட்டி இல்லாமல் போயிருந்தால், யோஷிடாவின் கண்டிப்புக்கு இவ்வளவு பலம் கிடைத்திருக்காது.

சாரத்துக்கு அடியில் பூஜை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். யோஷிடா ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். எது தாமதமாகிறது, ஏன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். 2011 கோடையில் பழைய ஆட்டத்தின் சண்டை முறையே திருத்தப்பட்டது. கதைக்குள்ளும் ஒரு வேலை நடந்தது. எயோர்சியா என்ற அந்த உலகத்தின் வானில் டலமுட் என்றொரு சிவந்த துணைநிலா உண்டு. புதுப்பிப்பு வர வர அது பெரிதாகிக்கொண்டே போனது. உலகம் முடியப்போகிறது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதாமல் வானத்தில் எழுதிக் காட்டினார்கள். 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் நின்றன. விழுந்த நிலா பிளந்து பகமுட் என்ற பெருநாகம் வெளிவந்து உலகை எரிக்கும் காட்சியோடு பழைய ஆட்டம் முடிந்தது. தோற்றுப்போன ஒரு படைப்பின் மரணத்தையே அடுத்த படைப்பின் புராணமாக்கிய துணிச்சல் இது. இணைய விளையாட்டு உலகில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

கஷ்ட காலத்திலும் விலகாமல் இருந்தவர்களை மறக்கவில்லை. திருப்பணிக்குக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவதுபோல, அவர்களுடைய வேடப் பெயர்கள் புது ஆட்டத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் ஓடின.

2013 ஆகஸ்ட் 27 அன்று ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்ற பெயரில் புது ஆட்டம் கணினிக்கும் பிளேஸ்டேஷன் 3-க்கும் சேர்ந்தே வந்தது. கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. தரவிறக்க விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தவே வேண்டியிருந்தது. ரசித்துப் பார்க்க வேண்டியது கன்ட்ரோலர் அமைப்பை. விசைப்பலகையில் நூறு பொத்தான்கள். கையடக்கக் கருவியிலோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இடது விசையை அழுத்திப் பிடித்தால் எட்டு வித்தைகள், வலது விசையைப் பிடித்தால் இன்னும் எட்டு. திரையின் அடியில் அவை கூட்டல் குறி வடிவில், விரல் எங்கே இருக்கிறதோ அதே அமைப்பில் நிற்கும். இரண்டு நாள் ஆடினால் பார்க்க வேண்டியதில்லை. மிருதங்கத்தில் விரல் தன்னால் விழுவதுபோல் விழும். கணினி வைத்திருப்பவர்களே கன்ட்ரோலர் வாங்கி ஆடும் அளவுக்கு அது பிடித்துப்போனது.

திருச்சியிலிருந்து ஆடுகிறவருக்கு வேறொரு நுட்பமும் புலப்படும். அன்றைக்கு சர்வர்கள் இருந்தது ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும். ஸ்ரீரங்கத்து மாடி அறையில் அழுத்திய பொத்தான் கடல் தாண்டிப் போய்வர வேண்டும். அசுரன் ஓங்கி அடிக்கப் போகும் இடம் தரையில் ஆரஞ்சு வட்டமாகத் தெரியும். வட்டம் மறையும் கணத்தில் சர்வர் உங்களை எங்கே பார்த்ததோ அதுதான் கணக்கு. வெளியே வந்துவிட்டதாகத் திரை காட்டும், அடியும் விழும். தூரத்து ஆட்டக்காரர்கள் கால் அடி முன்னதாக நகரக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் இடையே இரண்டரை விநாடி இடைவெளி வைத்திருந்தார்கள். கன்ட்ரோலர் பிடித்தவருக்கு நிதானம் தந்த அந்தத் தாளம், தூரத்து ஊர்க்காரருக்கும் மூச்சுவிட இடம் கொடுத்தது. விளம்ப காலத்தில் பாடினால் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச்சேரும் அல்லவா, அப்படி.

சறுக்கிய ஆட்டத்தைத் தூக்கி நிறுத்த இன்னொரு வழியும் உண்டு, அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜெனிமேக்ஸ் ஆன்லைன் கூடம் 2014 ஏப்ரல் 4-ல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனைக் கணினிக்கு வெளியிட்டது. அதை வழிநடத்திய மேட் ஃபிரோர், முன்பு டார்க் ஏஜ் ஆஃப் கேம்லாட் ஆட்டத்தின் தயாரிப்பாளர். யோஷிடா விரும்பி ஆடிய ஆட்டம் அது. ஜெனிமேக்ஸின் ஆட்டமும் எதிர்பார்த்த வரவேற்பு இல்லாமல் தள்ளாடியது. ஜூனில் வரவேண்டிய கன்சோல் பதிப்பு ஒரு வருடம் தள்ளி, 2015 ஜூன் 9-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இவர்கள் எதையும் இடிக்கவில்லை. 2015 மார்ச் 17 முதல் கட்டாய மாதச் சந்தாவை எடுத்தார்கள். அதுவரை யார் வீட்டுப் பானையிலும் கைவிட்டு எடுக்கலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. அந்த மாதம் முதல் பிறர் பொருள் சிவப்பு எழுத்தில் தெரிந்தது. எடுத்தால் காவலர் துரத்துவார், அபராதம் கேட்பார். ஒரு நிறமாற்றத்தில் ஊருக்கு ஊர்க்களை வந்தது.

மொட்டைக் கோபுரமாக நானூறு ஆண்டுக்கு மேல் நின்ற கல் அடித்தளத்தின் மேலேயே 13 நிலை எழுப்பி, 1987 மார்ச்சில் ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு செய்த ஊர் ஸ்ரீரங்கம். அடித்தளத்தை நம்பி மேலே கட்டுவதும் மரியாதைக்குரிய வழிதான். ஆனாலும் எல்டர் ஸ்க்ரோல்ஸில் அடித்தளத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. நிலை ஏறிய ஆட்டக்காரரும் புதிதாக வந்த அவருடைய தம்பியும் சேர்ந்து நடக்க முடியாது. ஒருவருக்கு உகந்த ஊர் மற்றவருக்கு ஆகாது. கன்சோல் வருவதற்கு முன் அதைத் தொடவில்லை. 2016 அக்டோபரில் ‘ஒன் டேம்ரியல்’ வந்து, யாரும் யாரோடும் எங்கும் போகலாம் என்றான பிறகுதான் அந்த உலகம் முழுதாகத் திறந்தது. யோஷிடா முதலிலேயே செய்ததை இவர்கள் கடைசியில் செய்தார்கள். ரசிகரின் மனம் யோஷிடா பக்கமே சாய்கிறது.

யோஷிடாவின் ஆட்டத்துக்கு பிளேஸ்டேஷன் 4 பதிப்பு 2014 ஏப்ரல் 14-ல் வந்தது. 2017 ஜூனில் ‘ஸ்டார்ம்பிளட்’ விரிவாக்கத்தோடு பிளேஸ்டேஷன் 3-க்கு விடை கொடுத்தார்கள். அதில் ஆடிவந்தவர்கள் கட்டணமில்லாமல் பிளேஸ்டேஷன் 4-க்கு மாறிக்கொள்ள வழி செய்தார்கள். வேலை முடிந்தது, சாரத்தைப் பிரித்தாயிற்று. இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு என்று விரல்கள் உட்காரும் அந்தக் கூட்டல் குறி மட்டும் திரையின் அடியில் அப்படியே நிற்கிறது.