ஓர் அடைமொழியில் தங்கிய உரிமை: ராட்ரிகஸ் தீர்ப்பும் அமெரிக்க மாநில அரசமைப்புகளும்

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ பகுதியில் எட்ஜ்வுட், அலாமோ ஹைட்ஸ் என இரு பள்ளி மாவட்டங்கள் உள்ளன. 1967–68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் தம் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.05 டாலர் பள்ளி வரி செலுத்தினர். அதனால் ஒரு மாணவருக்குக் கிடைத்த தொகை 26 டாலர். அலாமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட். கிடைத்தது 333 டாலர். மாநில, கூட்டாட்சி நிதிகளைச் சேர்த்த பின்னும் எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலரும் அலாமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலரும் செலவிடப்பட்டன. எட்ஜ்வுட் மாணவருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மெக்சிகோ வழிவந்தோர்.

இவ்வேறுபாடு பதினான்காம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பை மீறுகிறது என எட்ஜ்வுட் பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 மார்ச் 21 அன்று 5–4 என்ற பெரும்பான்மையில் அதனை நிராகரித்தது. கல்வி எத்துணை இன்றியமையாதது என்பதன்று, அரசமைப்பு அதற்கு வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ உறுதியளிக்கிறதா என்பதே வினா என்றார் நீதிபதி பவல். உறுதியளிக்கவில்லை என்பது அவர் கண்ட விடை. பள்ளிகளின் மீதான உள்ளூர்க் கட்டுப்பாட்டைக் காப்பது டெக்சாஸ் நிதிமுறைக்குப் போதிய நியாயம் என்றும் அவர் கொண்டார்.

தீர்ப்பின் வலுவற்ற பகுதி இதுவே. கூடுதல் வரி செலுத்தியும் குறைவாகவே பெற்ற மாவட்டத்திற்குக் கட்டுப்பாடு என்ற ஒன்று எங்கே இருந்தது? நீதிபதி மார்ஷலின் மாறுபட்ட தீர்ப்பு இதனைத் தெளிவாகச் சுட்டுகிறது. (பவல் 1952 முதல் 1961 வரை ரிச்மண்ட் பள்ளி வாரியத் தலைவராக இருந்தவர், உள்ளூர் வாரியங்களின்மீது அவர் கொண்ட மதிப்பு வியப்புக்குரியதன்று.) அதே மாறுபட்ட தீர்ப்பின் அடிக்குறிப்பொன்றில், மாநில அரசமைப்புகளின் வழியே இச்சிக்கலை ஆராய எத்தடையும் இல்லை என்றும் மார்ஷல் குறித்தார்.

பதின்மூன்று நாட்களில், ராபின்சன் எதிர் காஹில் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அவ்வழியிற் சென்றது. தலைமை நீதிபதி வெய்ன்ட்ராப் சமத்துவ வாதத்தைக் கையாளத் தயங்கினார். அதனை ஏற்பின் காவல், தீயணைப்பு முதலிய சேவைகளுக்கும் அது நீளும் என அவர் அஞ்சினார். மாறாக, 1875இல் மாநில அரசமைப்பில் சேர்க்கப்பட்ட, முழுமையும் திறனும் வாய்ந்த இலவசப் பள்ளிமுறை வேண்டும் என்னும் விதியைப் பற்றிக்கொண்டார். சட்டமன்றம் நிதி ஒதுக்காது காலந்தாழ்த்தியபோது, 1976 ஜூலை 1 முதல் பள்ளிச் செலவினத்தையே நீதிமன்றம் தடுத்தது. அதன் பின்னரே அம்மாநிலத்தில் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. கூட்டாட்சி நீதிமன்றம் தொடவும் மறுத்த ஒன்றை மாநில நீதிமன்றம் எவ்வளவு தொலைவு கொண்டுசெல்ல இயலும் என்பதற்கு இது சான்று.

டெக்சாஸிலும் 1876ஆம் ஆண்டின் அரசமைப்பு ‘திறன்மிக்க’ பள்ளிமுறையைக் கோருகிறது. மிகச் செல்வமுடைய மாவட்டத்திற்கும் மிக வறிய மாவட்டத்திற்கும் இடையே சொத்து மதிப்பில் 700 மடங்கு வேறுபாடு இருப்பதை எடுத்துக்காட்டி, அது திறனாகாது என மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இல்லினாய் அரசமைப்பிலும் இதே அடைமொழி உண்டு. ஆயினும் அங்கு 1996இல், அச்சொல் சமநிலையைக் குறிப்பதன்று என்றும் கல்வியின் தரம் சட்டமன்றத்தின் பொறுப்பு என்றும் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

ராட்ரிகஸ் வழக்கில் மாறுபட்ட நால்வருள் ஒருவரான நீதிபதி பிரென்னன், 1977இல் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில், மாநில அரசமைப்புகள் உரிமைகளின் தனித்த ஊற்றுகள் என வாதிட்டார். அவ்வாதம் நியூ ஜெர்சியில் மெய்ப்பட்டது. எனினும் கூட்டாட்சிக் காப்பு பின்வாங்குவதற்கு அதனைச் சாக்காக்கலாகாது என்று அவரே விடுத்த எச்சரிக்கையைப் பிரித்துவிட்டு அக்கட்டுரையை வாசித்தல் தகாது. இல்லினாய் தீர்ப்பு அவ்வெச்சரிக்கையின் பொருளைக் காட்டுகிறது. வென்ற இடத்திலும் காலம் கழிந்திருந்தது: 1968இல் எட்ஜ்வுட் பள்ளிகளில் பயின்ற எவரும் 1989இல் மாணவராக இல்லை.